தங்கப் பூச்சுக்கு அவசரமில்லை

ஜூன் 5, திங்கள்

என் முடிவெட்டும் கடைக்கு விடுமுறை. காலையில் பூஜை மாடத்தில் இரண்டு கிண்ணம் சோறு, இரண்டு கோப்பை தேநீர் வைத்து மணியடித்தேன். ஒன்று என் கணவர் தோகுஜிக்கு. இன்னொன்று நோபுயோ அக்காவுக்கு. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, அவருடைய முதல் மனைவி. நான் இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டவள். இருபது வருஷத்துக்கு மேலாக முதல் கிண்ணம் அவளுக்குத்தான். போன அக்டோபரில் அவரும் போன பிறகுகூட அந்த வரிசையை நான் மாற்றவில்லை. சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு மலையேறிக் கல்லறைக்குப் போனேன். நாகசாகியில் செத்தவர்களுக்குத்தான் நல்ல இடம், கடல் பார்த்த வாசல். உயிரோடிருப்பவர்களுக்கு முழங்கால் வலி. தண்ணீர் வாளியோடு நான் மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்த்து அவர் உள்ளே சிரித்திருப்பார்.

பக்கத்துக் கல்லறையில் போன வசந்தம் வரை ஒரு பெயர் சிவப்பில் இருந்தது. எகுச்சி வீட்டு அம்மாளுடையது. இங்கே கணவன் பெயரைச் செதுக்கும்போதே உயிரோடிருக்கும் மனைவியின் பெயரையும் செதுக்கிச் சிவப்புப் பூசிவிடுவார்கள். பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அந்த அம்மாள் போனதும் சிவப்பை எடுத்துவிட்டுத் தங்கம் பூசிவிட்டார்கள். இப்போது புருஷன், மாமனார், மாமியார் எல்லோரோடும் ஒரே பளபளப்பு.

எங்கள் உராகாவா குடும்பக் கல்லில் அக்காவின் பெயர் தங்கத்தில் இருக்கிறது. அடுத்து அவர் பெயர் வரும். அதற்கடுத்து?

எனக்குக் கைக்குட்டை போட யாரும் இல்லை. நானே போட்டுக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 6

நேற்று எழுதியதைப் படித்தேன். புலம்பல். இருந்தாலும் கிழிக்கவில்லை.

இந்தப் புண் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அவருடைய நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தில், அஸ்தியைக் கல்லறைக்குள் இறக்கிய கையோடு, என் ஓரகத்தி யோஷினோ கூட்டத்துக்கு நடுவில் ஒரு வார்த்தை விட்டாள். "ஒரே கல்லறையில ரெண்டு பொண்டாட்டியும் போய் உக்காந்தா, மேல அவரு யாரு பக்கம் திரும்பிப் படுப்பாரு?" நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது.

ஷிஹோ பக்கத்தில்தான் நின்றாள். அக்கா பெற்ற பெண். கல்லறை இப்போது அவள் பொறுப்பு. அதில் யாரை வைப்பது, யாரை வைக்காமல் இருப்பது எல்லாம் அவள் முடிவு. அவர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார், அது நியாயமும்கூட. யோஷினோ பேசியதை அவள் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஊதுபத்தி சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பேசாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 19

கோயிலுக்குப் போய்ப் பிக்குவைப் பார்த்தேன். வாரிசு இல்லாதவர்களுக்கென்று பின்புறம் ஒரு பொதுக் கல்லறை கட்டியிருக்கிறார்கள். கோயிலே எல்லோருக்குமாகச் சேர்த்து மந்திரம் சொல்லிக்கொள்ளும். சுத்தமான இடம், பக்கத்தில் ஹைட்ராஞ்சியா பூத்துக் கிடந்தது. என் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள் என்றேன்.

அவர் பதியவில்லை. "ஆகஸ்ட்ல முன்னோர் பண்டிகை வருது. போனதுக்கப்புறம் உங்க வீட்டுக்காரர் முதல் தடவையா வீட்டுக்கு வர்றார். அவரைக் கேக்காம எப்படி? அவர் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வந்தால் மட்டும் அவர் வாய் திறந்து பதில் சொல்லிவிடுவாரா? உயிரோடிருந்தபோதே மாதம் ஒரு வாக்கியம் பேசுகிற மனுஷன்.

ஆனாலும் கேட்கத்தான் வேண்டும் என்று பட்டது.

ஜூலை 2

ஷிஹோ ஃபுகுவோகாவிலிருந்து கூப்பிட்டாள். "ம், நான்தான்" என்று ஆரம்பித்தாள். எப்போதும் அப்படித்தான். அம்மா என்றும் இல்லை, என் பெயரைச் சொல்லி மிசாவோ-சான் என்றும் இல்லை. நான் வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. புதிதாக ஒருத்தியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்காது. அப்படியே எதுவும் சொல்லாமல் பழகிவிட்டது. குறை சொல்லவில்லை. வருஷத்துக்கு இருமுறை தவறாமல் வருகிறாள், வந்தால் பாத்திரம் கழுவாமல் போவதில்லை.

அப்பா பெயரைச் செதுக்கக் கல்தச்சர் ஓகுமாவிடம் சொல்லிவிட்டாளாம். பண்டிகைக்கு முன்னால் முடிந்துவிடுமாம். என் முழங்காலைப் பற்றிக் கேட்டாள். அப்படியே இருக்கிறது என்றேன். சிறிது நேரம் இரண்டு பக்கமும் மௌனம். பிறகு வைத்துவிட்டாள்.

ஜூலை 23

கடையில் கூட்டம். பண்டிகைக்கு முன்னால் ஊரில் எல்லாத் தலைக்கும் முடிவெட்ட வேண்டும். தலைக்கு மேல் வேலை என்பது எங்கள் தொழிலில் பொய்யில்லை. அவரும் இதே நாற்காலியில்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். மனைவியை இழந்து ஒரு வருஷம் முடிவெட்டாமல் வந்த தலை. நான் பாதி வெட்டியபோது கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அழுதார். சோப்பு கண்ணில் பட்டுவிட்டதாகச் சொன்னார். நான் சோப்பே போட்டிருக்கவில்லை.

நல்ல மனுஷன். கிடைத்ததற்கு நன்றி.

ஆகஸ்ட் 7, திங்கள்

 சிரிப்பதா, அழுவதா, தெரியவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழாம் தேதி கல்லறைகளைக் கழுவும் நாள். பிரஷ், துடைப்பம், வாளி எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறினேன். மலை முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். பக்கத்துக் கல்லறையில் எகுச்சி பெரியவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக வணக்கம் சொல்லிக்கொள்கிறோம், அவருக்கு நான் உராகாவா வீட்டம்மா, அவ்வளவுதான். என் பெயர் அவருக்குத் தெரியாது.

அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "உங்க வீட்டுல இன்னொரு சாவும் விழுந்துருச்சு போல. எனக்குத் தகவலே இல்ல, மன்னிக்கணும். மிசாவோன்னு பேரு போட்டிருந்துச்சு. நானும் ஒரு ஊதுபத்தி ஏத்திக் கும்பிட்டேன். யாரு, நாத்தனாருங்களா?"

வாளியைக் கீழே வைத்தேன். எங்கள் கல்லைப் பார்த்தேன். அக்காவின் பெயர். இறந்த பிறகு பிக்கு அவருக்குச் சூட்டிய கோயில் பெயரும் அதன் கீழே தோகுஜி என்பதும், புதுசாக. அதற்கடுத்து, மேலே கோயில் பெயருக்கு இடம் விட்டு, மிசாவோ. தங்கத்தில். வெயிலில் கண் கூசியது. அதன் முன்னால் பாதி எரிந்த ஊதுபத்தி ஒன்று.

"அது நான்தாங்க" என்றேன்.

பெரியவர் முதலில் என் காலைத்தான் பார்த்தார். தரையில் பாவியிருக்கிறதா என்று. பிறகு இரண்டு அடி பின்னால் போய்ச் சொந்த அம்மாவின் கல்லறையில் மோதிக்கொண்டார். நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். செத்துப் போனதாக நினைத்துக் கும்பிடப்பட்டவருக்கு ஆயுசு கெட்டி என்று என்னைத் தேற்றினார். இருந்தாலும் அந்த ஊதுபத்தியை அவரே அணைத்தார்.

இறங்கி வரும்போதுதான் உறைத்தது. இதை யார் செதுக்கச் சொன்னது? நான் இல்லை. கல்தச்சர் தானாகவே, விதவை ஒருத்தி இருக்கிறாளே என்று வழக்கப்படி சேர்த்துவிட்டாரா? அப்படியானால் ஷிஹோ பண்டிகைக்கு வந்து பார்க்கும்போது என்ன நினைப்பாள்? அவள் அம்மா பக்கத்தில், அவளைக் கேட்காமல், நான் ஓடிப்போய் என் பெயரைப் போட்டுக்கொண்டதாகத்தானே நினைப்பாள்? யோஷினோவுக்கு அவல் கிடைத்த மாதிரி.

ஐயோ. கல்லை அழிக்கவும் முடியாதே.

ஆகஸ்ட் 8

சோறு இறங்கவில்லை. ஒரு வாடிக்கையாளருக்குக் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி வெட்டிவிட்டேன். நல்லவர், ஃபேஷன் என்று எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கல்தச்சருக்குத் தொலைபேசினேன். என் பெயரைப் போட யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"உங்க பொண்ணுதான். ஏப்ரல்லயே வந்து சொல்லிட்டாங்களே."

உங்கள் பெண்ணா என்று மறுபடி கேட்டேன். ஆமாம், ஃபுகுவோகாக்காரர் என்றார். தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் எவ்வளவு இடைவெளி என்பதைக்கூட அவளே கையால் அளந்து காட்டினாளாம். பிறகு அவர் குரல் மாறியது.

"சிவப்பு நல்லாப் பிடிச்சிருக்கா? மழை பேஞ்சுதே."

சிவப்பு இல்லை, தங்கம் என்றேன்.  அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம். பண்டிகை அவசரத்தில் ஒரே மூச்சாகப் பூசிக்கொண்டே போனவர், என்னையும் சேர்த்துப் பூசிவிட்டார். உயிரோடிருப்பவளுக்குத் தங்கம் பூசினால் எத்தனை பெரிய அபசகுனம் என்று அவரே நடுங்கினார். பதினான்காம் தேதிக்கு முன்னால் வர முடியாது, கையில் அத்தனை கல் என்றார். பரவாயில்லை, நான் இன்னும் இருக்கிறேன் என்றேன்.

ஏப்ரலில் சொல்லியிருக்கிறாள். ஜூலையில் முழங்காலைப் பற்றிக் கேட்டுவிட்டு அந்த மௌனம்... அப்போது இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லையா?

சமையலறைத் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஆகஸ்ட் 9

பதினொன்று இரண்டுக்கு, அன்று அணுகுண்டு விழுந்த நேரத்தில், சங்கு ஊதியது. கத்தரியைக் கீழே வைத்தேன். நாற்காலியில் இருந்தவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, சனி

ஷிஹோ காலை ரயிலில் வந்தாள். வாசலில் பையை வைத்ததும் வைக்காததுமாக, "தங்கத்துலயாம், அந்த ஆளை என்ன பண்றது" என்றாள். கல்தச்சர் அவளுக்கும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வரும் வழியில் அவர் பட்டறைக்குப் போய்ச் சிவப்புச் சாயமும் சின்னத் தூரிகையும் வாங்கி வந்துவிட்டாள். அப்பா நாளைக்கு வரும்போது இப்படி இருக்கக் கூடாது, பதறிப்போய்விடுவார் என்றாள்.

இருவருமாக ஏறினோம். குடையை அவள் எனக்குப் பிடித்தாள். நான் என் பழைய சவரக்கத்தியால் எழுத்துக்குள்ளிருந்த தங்கத்தைச் சுரண்டினேன். எத்தனையோ தாடையைச் சிரைத்த கத்தி, கடைசியில் என்னையே சிரைத்தது. பிறகு அவள் குனிந்து உட்கார்ந்து சிவப்பை வைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கோடாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. இத்தனை வருஷம் அவள் வாயில் ஒருமுறைகூட வராத பெயர்.

கல்லைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். அது நல்லதாயிற்று, நானும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு யோஷினோ பெரியம்மா பேசினப்போ நான் சும்மா இருந்தேன். வாயைத் திறந்தா அழுதிருப்பேன். அப்புறம் உங்ககிட்ட சொல்லவும் தெரியல. சரி, கல்லுல போட்டுட்டா பேச வேண்டியதில்லைன்னு நினைச்சேன்."

அப்பனுக்குத் தப்பாத பெண்.

அக்காவுக்குச் சங்கடமாக இருக்காதா என்று கேட்டேன். கேட்டே விட்டேன். இத்தனை நாளாக வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

"வருஷா வருஷம் அம்மா வீட்டுக்கு வர்றப்போ கதவைத் திறந்து சோறு போட்டது யாரு? அம்மாவுக்குத் தெரியாதா?" தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள். பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்குப் பயறு கொழுக்கட்டை பிடிக்கவே பிடிக்காது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்த முதல் வருஷத்திலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் அக்காவுக்கென்று நான் கைப்படப் பிடிக்கிற கொழுக்கட்டை. அவள் என்ன சாப்பிடுவாள் என்று அப்போது அவரைக் கேட்டேன். எல்லாம் சாப்பிடுவாள் என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். பயற்றை ஊறவைத்து, வேகவைத்து, மசித்து... அடி பாவி, முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

"எப்படிச் சொல்றது? படைச்சு எடுத்ததெல்லாம் நான்தானே சாப்பிட்டேன். எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அக்காவுக்குப் பிடித்தது முள்ளங்கி ஊறுகாயாம். அதிலும் அடித்துண்டு.

சிவப்பு ஈரமாக மின்னியது. ஒரு கோடு மட்டும் கொஞ்சம் கோணல். விடு, உயிரோடிருக்கிறவள் கொஞ்சம் கோணலாகத்தான் இருப்பாள் என்றேன்.

ஆகஸ்ட் 13

அவர் வந்துவிட்டார். அக்காவும்.

சாயங்காலம் கல்லறையில் விளக்குகளை ஏற்றினோம். மலை முழுக்க விளக்கு, மலை முழுக்க வெடிச்சத்தம், ஆளாளுக்கு அடுக்குப் பெட்டியைத் திறந்து சாப்பாடு. எகுச்சி வீட்டுப் பேரன்கள் விட்ட ராக்கெட் எங்கள் கல்லை உரசிக்கொண்டு போனது. பெரியவர் எங்கள் கல்லை எட்டிப் பார்த்து, சிவப்பாகிவிட்டதைக் கண்டு எனக்கு ஒரு கோப்பை சாக்கே மது ஊற்றிக் கொடுத்தார். மறுபிறவிக்கு வாழ்த்து என்றார்.

யோஷினோவும் வந்தாள். கல்லைப் பார்த்தாள், ஷிஹோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஷிஹோ அவள் தட்டில் ஒரு கொழுக்கட்டையை வைத்து, "பெரியம்மா, அப்பா நேரா மல்லாந்து படுப்பாரு. குறட்டை விடறவரு எந்தப் பக்கம் திரும்பினாலும் ரெண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது" என்றாள். யோஷினோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவள் இல்லை, வாய்தான் முன்னால் ஓடும்.

அக்காவின் தட்டில் முள்ளங்கி ஊறுகாய் வைத்தேன். இத்தனை வருஷத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிடிக்காததை வைத்தும் வருஷம் தவறாமல் வந்தாளே.

ஆகஸ்ட் 15

அவரை அனுப்பிவைத்தோம். ஆவியை ஏற்றி அனுப்புகிற சின்னப் படகுதான், அடியில் சக்கரம் வைத்தது. முன்னால் அவர் படம், பக்கவாட்டில் விளக்குகள். கடை வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் கேட்காமலே வந்து தள்ளினார்கள், எல்லாம் என் கையால் வெட்டிய தலைகள். தெரு முழுக்கப் படகுகள், சேகண்டிச் சத்தம், வெடிப்புகையில் எதிரில் இருப்பவர் தெரியவில்லை. அமைதி அமைதி என்று வாழ்நாளெல்லாம் இருந்த மனுஷனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமான வழியனுப்பு. காதைப் பொத்திக்கொண்டுதான் போயிருப்பார்.

கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

நன்றி. போய்விட்டு வாருங்கள்.

ஆகஸ்ட் 16

கோயிலுக்குப் போய், எனக்கு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.  பிக்குவுக்கு முடி வளர்ந்திருந்தது, மொட்டையடித்துவிட்டேன்.

மார்ச் 20

வசந்த சமநாள். அவருக்கும் எனக்கும் ஷிஹோவுக்கும் கொழுக்கட்டை, அக்காவுக்கு முள்ளங்கியின் அடித்துண்டு.

மலையில் காற்று. என் பெயரில் சிவப்பு மழைக்குக் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஷிஹோ விரலால் தடவிப் பார்த்து, அடுத்த தடவை தூரிகை கொண்டுவருவதாகச் சொன்னாள். அப்படியே தங்கச் சாயமும் ஒரு டப்பி வாங்கி வைத்துவிட்டால் பின்னால் அலைச்சல் இருக்காதே என்று நான் விளையாட்டாகச் சொன்னேன்.

முறைத்தாள். "அதை நான் பாத்துப்பேன், மிசாவோ-சான். உங்களுக்கு அதுல வேலை இல்ல."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்க ஆரம்பித்தாள். படிகள் ஈரமாக இருந்தன. நான் மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவசரமில்லை.